அணில்காட்டில் எட்டுப் படுக்கைகள்

“கை வைக்காத!”

ஹில்லி கத்தி முடிப்பதற்குள் ஹார்ம் கை வைத்துவிட்டான்.

அவன் கைப்பேசித் திரை வெளுத்தது. ஒரு சின்னச் சக்கரம் சுற்றியது. மறுபடி உயிர் வந்தபோது, 'உங்களுக்கு முன்னால் 812 பேர்' என்று இருந்த இடத்தில் 'உங்களுக்கு முன்னால் 5,304 பேர்' என்று இருந்தது.

“நின்னு போச்சோன்னு நினைச்சேன். அதான் ஒரு தடவை மூடித் திறந்து பார்த்தேன்...”

“வரிசை நகரலைன்னு எவனாவது பஸ் ஸ்டாப்ல இருந்து வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வருவானா? பஸ் ஓட்டுறவன்தானே நீ?”

“பஸ்ஸுக்குள்ள உக்காந்திருக்கிறவனுக்கு வரிசையைப் பத்தி என்ன தெரியும்?” என்றான் ஹார்ம்.

பத்து வயது இம்கா சிரிப்பை அடக்க முடியாமல் டேப்லெட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் கணக்கில் முன்னால் 640 பேர். ஹில்லியின் மடிக்கணினியில் 2,190.

சனிக்கிழமை. மணி பன்னிரண்டு தாண்டிப் பதினான்கு நிமிடம். வெளியே அசென் நகரத்து பிப்ரவரி மழை, ஜன்னலைச் சுரண்டிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் ரொட்டி, சீஸ், கடலை வெண்ணெய் எல்லாம் எடுத்து வைத்தபடியே இருந்தன; யாரும் தொடவில்லை. ஆறு வயது யெல்ட்டா மட்டும் ரொட்டியில் சாக்லேட் தூவிக்கொண்டிருந்தான். வழக்கமாக ஒரு கரண்டியோடு நிறுத்தச் சொல்லும் அம்மா இன்று திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டான். மூன்றாவது கரண்டி போய்க்கொண்டிருந்தது.

கடலை வெண்ணெய் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த ஹில்லியின் கைப்பேசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

“என்னடீ ஆச்சு? உள்ள போயிட்டீங்களா?”

ரென்ஸ்கா. ஹில்லியின் அக்கா. இருநூற்றெழுபது கிலோமீட்டர் தள்ளி, நாட்டின் தெற்குக் கோடியில், லிம்பர்க்கில் இருந்து பேசுகிறாள்.

“உள்ள போறதா? உன் தங்கச்சி புருஷன் நாலாயிரம் பேரை முன்னால விட்டுட்டு நிக்கிறார். மகா தாராளம்.”

“ஹார்மா? தாராளமா? காப்பியோட ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்துட்டு டப்பாவை மூடுற ஆளு!”

“ரெண்டாவது பிஸ்கட்டுக்கு ருசி கிடையாது ரென்ஸ்கா” என்றான் ஹார்ம், கொஞ்சமும் அசராமல்.

பேச்சில் விளையாட்டு இருந்தது. ஆனால் ஹில்லியின் வலது கால், மேசைக்கடியில், பத்து நிமிடமாகத் தையல் மிஷின்போல ஆடிக்கொண்டிருந்தது.

காரணம் அணில்காடு.

வேலுவ காட்டின் நடுவே இருக்கும் அந்த விடுமுறைப் பூங்கா, வருடத்துக்கு ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நண்பகல், இலையுதிர்கால வாரங்களுக்கான எட்டுப் படுக்கை வீடுகளில் நாற்பதை மட்டும் பாதி விலைக்குத் திறந்துவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை அறுநூறு யூரோ. இரண்டு குடும்பம் சேர்ந்தால் குடும்பத்துக்கு முந்நூறு. நீச்சல் குளம், சுருள் சறுக்கு, வாடகைக் கட்டணமில்லாத மிதிவண்டி எல்லாம் உள்ளடக்கம். ஒரே ஒரு நிபந்தனை: பதிந்தால் பதிந்ததுதான். ரத்து கிடையாது. தேதி மாற்றம் கிடையாது.

எட்டுப் படுக்கையில் நான்கு ஹில்லி வீட்டுக்கு. நான்கு ரென்ஸ்கா வீட்டுக்கு.

அக்காவும் தங்கையும் ஒரே கூரையின்கீழ் விடுமுறை கழித்து ஒன்பது வருடம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. குறுக்கே நிற்பது ஒரு காகிதம். குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும் பள்ளி விடுமுறைத் தாள். அதில் மூன்று பத்திகள்: வடக்கு, நடு, தெற்கு. எல்லோரும் ஒரே நாளில் கிளம்பினால் சாலை தாங்காது, பூங்காக்கள் தாங்காது என்று அரசாங்கம் நாட்டை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. இலையுதிர் விடுமுறை தெற்கே ஒரு வாரம் முன்னால் வந்து போய்விடும். இம்கா பையைக் கட்டும்போது, பெரியம்மா பிள்ளைகள் வேர்லாவும் கூஸும் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

நாடு முழுவதற்கும் சேர்ந்து வரும் விடுமுறை இல்லாமல் இல்லை. கிறிஸ்துமஸ் உண்டு. கோடையில் சில வாரங்கள் உண்டு. அப்போது இதே வீட்டின் விலை மூன்று மடங்கு. பஸ் ஓட்டுநர் சம்பளத்திலும், முதியோர் இல்லத்துச் சமையலறைச் சம்பளத்திலும் அது எட்டாத கிளை.

“495!” என்றாள் இம்கா. “மடமடன்னு இறங்குது அம்மா!”

“அக்கா, இம்காதான் முந்தறா. இப்பவாவது சொல்லு. எந்த வாரம்?”

“அதான் போன வாரமே சொன்னேனே. வடக்கு வாரம்.”

“அது எங்க வாரம்.”

“தெரியும்.”

“உன் பிள்ளைங்களுக்கு அப்ப ஸ்கூல் இருக்கு.”

“கேக்காத ஹில்லி.”

ஹில்லி ஹார்மைப் பார்த்தாள். ஹார்ம் கூரையைப் பார்த்தான்.

இருவர் மனதிலும் ஓடியது ஒரே நினைப்பு. மூன்று வருடத்துக்கு முன் இதே போல் ஒரு சனிக்கிழமை, ரென்ஸ்கா துள்ளிக் குதித்துக்கொண்டு ஃபோன் செய்தாள். “இந்த வருஷம் ரெண்டும் ஒரே வாரம்டீ! நான் தாளைப் பார்த்துட்டேன்!” பதிந்தார்கள். இம்கா சுவரில் நாட்களை எழுதி வைத்து ஒவ்வொன்றாக அடித்தாள். இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது: அசெனில் பிறந்து வளர்ந்த ரென்ஸ்கா, பழக்க தோஷத்தில், வடக்குப் பத்தியையே இரண்டு தடவை பார்த்திருக்கிறாள். ரென்ஸ்கா வீட்டாரால் வர முடியவில்லை; இவர்கள் நால்வர் மட்டும் போனார்கள், பாதிப் பணம் வீணானது. இம்கா ஒரு வாரம் அழுதாள். அந்த அழுகை ஃபோன் வழியாக லிம்பர்க் வரைக்கும் கேட்டது.

“அக்கா, தப்பா நினைச்சுக்காத. தாளை எடு. தெற்குப் பத்தியில விரலை வை. வச்சுப் படி.”

“விரல் எல்லாம் வச்சாச்சு. இந்தத் தடவை பத்தி மாறலை.”

“அப்புறம் பிள்ளைங்களை ஸ்கூலுக்கு மட்டம் போடச் சொல்லப் போறியா?” ஹார்ம் குறுக்கே புகுந்தான். “லீவு இல்லாத பிள்ளையைப் பூங்கா வாசல்லயே புடிக்கிறாங்க. ஒரு பிள்ளைக்கு, ஒரு நாளைக்கு, நூறு யூரோ அபராதம். எங்க டிப்போவுல ஒருத்தன் மாட்டினான். வீட்டு வாடகையைவிட அபராதம் ஜாஸ்தி.”

“மட்டமும் இல்ல, மண்ணும் இல்ல. சட்டப்படிதான் வருவாங்க.”

“எப்படி?”

“ஹார்ம், நீ உன் லிஸ்ட்டை எழுது போ.”

லிஸ்ட் ஏற்கெனவே தயார். அலமாரிக் கதவில் தொங்கியது. படுக்கை விரிப்பு (அங்கே வாடகை கேட்பார்கள்), பாத்திரம் துடைக்கும் துணி, கழிவறைக் காகிதம், உப்பு, காப்பி வடிதாள், பத்து கிலோ உருளைக்கிழங்கு. பூங்காவுக்குள் இருக்கும் கடையில் உப்பு வாங்குவது ஹார்மின் அகராதியில் சூதாட்டத்துக்குச் சமம்.

“அறுபது!” இம்கா நாற்காலியின்மேல் ஏறி நின்றுவிட்டாள். “முப்பத்தி ரெண்டு! அம்மா! அம்மா! பதினொண்ணு!”

டேப்லெட் ஒரு மணிச் சத்தம் கொடுத்தது.

'அணில்காடு உங்களை வரவேற்கிறது.'

ஹில்லி பாய்ந்தாள். எட்டுப் படுக்கை. இலையுதிர்காலம். வடக்கு வாரம். தேடு. நாற்பது வீடுகளில் முப்பத்தேழு ஏற்கெனவே சாம்பல் நிறமாகிக் கிடந்தன. மூன்று பச்சை. ஹில்லி கண் சிமிட்டினாள். இரண்டு பச்சை.

“இருநூத்திப் பதினாலு!” ஹார்ம் கத்தினான். “நீச்சல் குளத்துக்கு எதிர்ல! அதை எடு! அதை எடு!”

எடுத்தாள். வீடு பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது. திரையின் மேல்மூலையில் ஒரு கடிகாரம் முளைத்தது.

10:00

9:59

'இந்த வீடு பத்து நிமிடம் உங்களுக்காகக் காத்திருக்கும்.'

“கிடைச்சிடுச்சு அக்கா! கிடைச்சிடுச்சு! மாடியில ஒரே அறையில ரெண்டு அடுக்குக் கட்டில்!”

“மேல் கட்டில் எனக்கும் வேர்லாவுக்கும்!” இம்கா ஃபோனுக்குள் வாயை நுழைத்தாள். “பெரியம்மா, நான் படம் வரைஞ்சு வச்சிருக்கேன்! கூஸ் கீழ! யெல்ட்டாவும் கீழ!”

“நான் ஏன் கீழ?” யெல்ட்டாவின் வாய் முழுக்க சாக்லேட். “நான் நீச்சல் சான்றிதழ் வாங்கிட்டேன்!”

“கட்டில்ல நீச்சலா அடிக்கப் போற?”

மறுமுனையில் ரென்ஸ்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் எங்கோ இடறியது.

“ஹில்லி, கேளு. எல்லாத்தையும் நிரப்பு. ஆனா கடைசிப் பொத்தானை மட்டும் நான் சொல்றவரைக்கும் அமுக்காத.”

“ஏன்?”

“அமுக்காதன்னா அமுக்காத.”

“பத்து நிமிஷம்தான் இருக்கு!”

“இங்கயும் அவ்வளவுதான் இருக்கும்னு நினைக்கிறேன்” என்றாள் ரென்ஸ்கா.

என்ன பேச்சு இது? ஹில்லிக்குப் புரியவில்லை. விரல்கள் ஓடின. பெயர், பிறந்த தேதி, கார் எண். ஒவ்வொன்றாக எட்டுப் பேர். கடிகாரமும் ஓடியது.

6:40

பின்னணியில் ரென்ஸ்காவின் கணவன் ட்வான் யாருக்கோ சொல்வது கேட்டது: “ஜன்னல்கிட்ட போய் நிக்காத கூஸ், வர்றப்ப வரும்.”

“யார் வர்றாங்க அக்கா?”

“யாரும் இல்ல.”

5:15

ஹார்ம் நாற்காலியை இழுத்து ஹில்லியின் பக்கத்தில் போட்டான். குரலைத் தாழ்த்தினான்.

“ஹில்லி, அடுத்த பக்கத்துல ஒரு நாலு படுக்கை வீடு இருக்கு பாரு. முந்நூத்தி நாப்பது. நமக்கு மட்டும். வடக்கு வாரம். எந்த வில்லங்கமும் இல்ல. இதை விட்டுட்டு அதைப் புடி.”

“அக்கா?”

“உங்க அக்கா மேல எனக்கும் பாசம்தான். ஆனா தாளைப் படிக்கிறதுல அவளை நம்ப முடியாதே. மறுபடி நம்ம நாலு பேர் மட்டும் எட்டுப் படுக்கையில உருண்டு படுக்கணுமா? அறுநூறும் நம்ம தலையிலயா?”

நியாயம். சுளீரென்று உறைக்கும் நியாயம். ஹில்லி இம்காவைப் பார்த்தாள். அவள், படம் வரைந்த தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, உதட்டால் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

4:02

“அக்கா, கடைசியாக் கேக்கறேன். ஏதோ ஒண்ணை மறைக்கிற. என்னன்னு சொல்லு. சொன்னாத்தான் அமுக்குவேன்.”

“சொல்ல முடியாதுடீ.”

“ஏன் முடியாது?”

“போன தடவை முந்திரிக்கொட்டை மாதிரி வாயைத் திறந்தேன். உன் பொண்ணு ஒரு வாரம் அழுதா. அந்த அழுகை இன்னும் என் காதுலயே இருக்கு. இந்தத் தடவை கையில வாங்காம வாயைத் திறக்கறதில்லைன்னு ட்வான்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்.”

“எதைக் கையில வாங்காம?”

மறுமுனையில் ஜன்னல் திரைச்சீலையை இழுக்கும் சத்தம்.

3:30

ஹார்மின் சுட்டுவிரல் நாலு படுக்கை வீட்டை நோக்கி மெல்ல நகர்ந்தது.

“கை வைக்காத” என்றாள் ஹில்லி. இந்தத் தடவை கத்தவில்லை. விரல் அப்படியே நின்றது.

“மூணு நிமிஷம் வரைக்கும் அவ அக்கா. மூணு நிமிஷத்துக்கு அப்புறமும் அவ அக்காதான். நான் காத்திருக்கேன்.”

3:00

2:41

அப்போதுதான் நாய் குரைத்தது.

ரென்ஸ்கா வீட்டு நாய் பொம்மலைப் பற்றிக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். திருடன் வந்தால் வாலாட்டும். மின்சாரக் கணக்கெடுக்க வருபவருக்கு மடியில் ஏறும். அது பல்லைக் காட்டிக் குரைக்கும் ஒரே ஜீவன் இந்த உலகத்தில் தபால்காரிதான்.

இப்போது அது வீடு இடிவதுபோலக் குரைத்தது.

கதவில் தபால் போடும் துவாரத்தின் தகடு 'டக்'கென்று திறந்து மூடும் சத்தம். ஓடும் காலடிகள். “நாய் வாயில போயிடப் போகுது, புடி! புடி!” என்று ட்வான். காகிதம் கிழியும் சத்தம்.



2:05

“அக்கா?”

நிசப்தம்.

1:58

“அக்கா! இருக்கியா?”

மறுமுனையில் ட்வான் ஒரு சத்தம் போட்டான். கால்பந்து மைதானத்தில் கடைசி நிமிடத்தில் கோல் விழுந்தால் மட்டுமே மனிதத் தொண்டையிலிருந்து வரக்கூடிய சத்தம். வேர்லாவும் கூஸும் கூடவே கத்தினார்கள். பொம்மலும் சேர்ந்துகொண்டது.

ரென்ஸ்கா ஃபோனுக்கு வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பிரிக்க முடியவில்லை.

“அடி! அமுக்குடீ! அமுக்கு!”

ஹில்லி அமுக்கினாள். உறுதிப் பக்கம் வரவில்லை. இன்னொரு பக்கம் வந்தது.

'உள்ளூர் வரிக்காக, வயது வந்த விருந்தினர் ஒவ்வொருவரின் முகவரியையும் நிரப்பவும்.'

“ஐயோ! இதை முன்னாடியே கேட்கக் கூடாதா!”

1:31

தங்கள் முகவரியைத் தட்டினாள். நாலு எண்ணும் இரண்டு எழுத்தும் கொண்ட அஞ்சல் எண், பிறகு வீட்டு எண். இவ்வளவு போதும், தெருவையும் ஊரையும் இயந்திரமே போட்டுக்கொள்ளும். மெரல் தெரு, அசென். இந்தப் பேட்டை முழுக்கப் பறவைப் பெயர்த் தெருக்கள்தான்.

1:12

அடுத்தது ரென்ஸ்கா. அக்காவின் அஞ்சல் எண் அவளுக்கு மனப்பாடம். ஒன்பது வருடமாகப் பிறந்தநாள் அட்டை எழுதுகிற கை. ஆறு... ஒன்று...

“உன் அட்ரஸ் போடறேன் அக்கா.”

“போடாத! நிறுத்து!”

“இப்ப என்ன?”

“அந்த நம்பர் வேண்டாம். நான் சொல்றதை அடி. ஒன்பது.”

“ஒன்பதா? தெற்குல ஆறுலதானே ஆரம்பிக்கும்?”

“வாயை மூடிட்டு அடிடீ! ஒன்பது, நாலு, பூஜ்யம், நாலு!”

0:49

ஹில்லியின் கண் கடிகாரத்தில். விரல் எண்களில். எங்கேயோ பார்த்த எண்போல இருந்தது. நினைக்க நேரம் இல்லை.

“எழுத்து?”

“கே. டி.”

“வீட்டு எண்?”

“இருபத்தி ரெண்டு!”

0:33

“ட்வானுக்கு?”

“அவனுக்கும் அதேதான்! புருஷன்தானே, வேற எங்க போவான்!”

0:20

கடைசிப் பொத்தான் வந்தது. பச்சை நிறம். ஹில்லி தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. வியர்த்து வழுக்கிய விரல். மறுபடி தொட்டாள். நடக்கவில்லை.

0:11

“ஹார்ம்! கை வை!”

பதினாறு வருடம் பஸ் கதவுப் பொத்தானை அமுக்கிப் பழகிய கட்டை விரல், திரையின்மேல் இடிபோல இறங்கியது.

0:06

கடிகாரம் நின்றது.

திரையில் ஓர் அணில் ஓடி வந்து கொட்டையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தது.

'வாழ்த்துகள்! வீடு 214 உங்களுடையது.'

அடுத்த அரை நிமிடம் அந்தச் சமையலறையில் நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம். யெல்ட்டா மேசைமேல் நின்றான். ஹார்ம் பிஸ்கட் டப்பாவைத் திறந்து, ஆளுக்கு இரண்டு கொடுத்தான். ஆமாம், இரண்டு. ஹில்லி நாற்காலியில் சரிந்து, ஆடி ஓய்ந்த வலது காலைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி அக்கா” என்றாள் மூச்சு வாங்க. “பதிஞ்சாச்சு. இனிமே மாத்த முடியாது. இப்ப சொல்லு. தெற்குப் பத்தியில விரலை வச்சியா இல்லையா?”

“அந்தப் பத்தியே இனிமே எங்களுக்கு எதுக்குடீ?”

“என்ன உளர்ற?”

“அம்மா.” இம்காவின் குரல். பிஸ்கட் இரண்டும் தொடாமல் கையிலேயே இருந்தன. அவள் உறுதிப் பக்கத்தில் விருந்தினர் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். “அம்மா, மெஷின் தப்பாப் போட்டிருக்கு. பெரியம்மாவுக்கு நேரா ஸ்பிரேவ் தெருன்னு இருக்கு.”

“எந்த ஸ்பிரேவ் தெரு?”

“நம்ம ஸ்கூல் இருக்கிற தெரு. ஸ்பிரேவ் தெரு, இருபத்தி ரெண்டு, அசென்.”

ஹார்ம் கடித்த பிஸ்கட்டை மென்று விழுங்க மறந்தான்.

ஃபோனில், இருநூற்றெழுபது கிலோமீட்டர் தெற்கே, ஒரு கடிதம் சரசரத்தது.

“மெஷின் தப்பாப் போடலைடீ” என்றாள் ரென்ஸ்கா. “அந்த வீட்டுல இருக்கிறவங்க எங்க வீட்டுக்கு வர்றாங்க, நாங்க அவங்க வீட்டுக்குப் போறோம். வாடகை வீட்டுச் சங்கத்துக்காரங்க சம்மதிச்சு எழுதிட்டாங்க. ட்வானுக்கு அங்க வேலை போன மாசமே ஆகிடுச்சு. ஆகஸ்ட்ல வர்றோம். வேர்லாவும் கூஸும் இனிமே வடக்குப் பிள்ளைங்க.”